மூடும்வரை விடாதே

பெயர் மட்டும்தான் வீரா.
பின்சக்கரத்தில்
கத்தியைச் சாணை பிடிக்கிற சத்தம்.
சுங்காய் சிக்னலில் நின்றால்
மோட்டார் ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆ கியோங் முந்நூற்றெண்பது வெள்ளி கேட்டான்,
சாமானும் கூலியும் சேர்த்து.
சாமான் மட்டும் கொடு என்றேன்.
என் கைகளைப் பார்த்தான்.
ஆலை ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகச்
செம்பனை எண்ணெயின் அமிலம் அளக்கும் கைகள்.
பார்த்துக்கொள்ளட்டும்.

முன்சக்கரங்களுக்கு இரண்டிரண்டு செங்கல்.
கைப்பிரேக்கை இறக்கிவிட்டுத்தான்
பின்பக்கம் வேலை செய்ய முடியும்.
அதுவரை காடி நம்பியிருப்பது
வேலி கட்டியபோது மிஞ்சிய அந்த நாலு கல்லை.

நட்டு அசையவில்லை.
ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.
என் எழுபத்திரண்டு கிலோ
முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

உள்பக்கத்துப் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது.
வெளிப்பக்கத்தது பாதிகூடத் தேயவில்லை.
ஒரே தட்டு, ஒரே பாதை, ஒரே மழை.
காலிப்பர் நழுவ வேண்டிய ஊசி
துருவேறி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.
இதற்கு வேறு அர்த்தம் தேடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஊசியைக் கழற்றி, துரு சுரண்டி,
உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன்.
சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்,
அதற்கென்று ஒரு சின்ன டியூப், பன்னிரண்டு வெள்ளி.
விரலால் தள்ளினேன்.
போயிற்று. வந்தது.
ரொம்ப நேரம் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

முன்பிரேக் பிஸ்டன் அமுக்கினால் உள்ளே போகும்.
பின்பிரேக் அப்படி மசியாது.
அமுக்கிக்கொண்டே திருக வேண்டும்,
ரோமம் ரோமமாகத்தான் இறங்கும்.
அதற்குள் தோட்டத்துப் பக்கமிருந்து
ஏழு லோரி பழக்குலை போய்விட்டது.
ஒவ்வொன்றின் நம்பரையும் பார்த்தேன்.
பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

சீல் மாற்றியதால் குழாயில் காற்று.
அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்:
கீழே ஒருத்தி, பெடலில் ஒருவர்.
தர்வினுக்கு இன்னும் கால் எட்டாது.
பக்கத்து வீட்டுக் கதீஜாவைக் கூப்பிடு என்று அனுப்பினேன்.
அவன் கூட்டி வந்தது என் அண்ணனை.
எடைப்பாலத்து வரிசையில் லோரியை நிறுத்திவிட்டு,
சட்டையெல்லாம் பழச்சாற்றுக் கறையோடு.

அந்த லோரிக்குத்தான் நான் ஜாமீன் போட்டது.
வங்கிக் கடிதம் என் வீட்டுக்கு வந்து
பதினான்கு மாதம்.
இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை,
சித்தப்பா காரியத்தில்கூட.

ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தான்.
சீட்டைப் பின்னால் தள்ளினான்.

மிதி, என்றேன்.
மிதிச்சாச்சு.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
திருகைக் கால் சுற்றுத் திறந்தேன்.
கோப்பி-ஓ நிறத்தில் எண்ணெய்,
நடுவே குமிழிகள்.
நான் மூடும்முன் அவன் காலை எடுத்தால்
வெளியேறிய காற்று திரும்ப ஏறிவிடும்,
எல்லாம் வீண்.
விடாதே.
விடல.
மூடும்வரை விடாதே, குணாளா.
விடலன்னு சொல்றேன்ல.

பெயர் சொல்லிக் கூப்பிட்டது
இருவருக்கும் கேட்டது.
மூடினேன்.
விடு.

இருபது தடவையாவது இருக்கும்.
மிதி, பிடி, விடு.
நடுவில் பாட்டிலில் எண்ணெய் ஊற்றச் சொன்னேன்,
குறைந்தால் காற்று குடிக்கும் என்று.
தெரியும் என்றான்.
அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

குழாயில் குமிழி நின்றது.
வெளிறிய மஞ்சளாய்ப் புது எண்ணெய் வந்தது.
பெடலை அமுக்கிப் பார்த்து,
இப்ப கல்லு மாதிரி இருக்கு என்றான்
கண்ணாடியைப் பார்த்து.

எடைப்பாலத்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள்,
அவன் லோரி வழியை மறித்திருக்கும்.
ஆலைக்குப் பின்னால் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு
வலதுபக்கம் போனேன்.
அவன் இறங்கவில்லை.