பதினோரு நிமிடம்

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை
இர்மெலி நம்புவதில்லை.
காலி ரோட்டில் யார்தான் ஓடமாட்டார்கள்?

குவோப்பியோ. பிப்ரவரி. நாலு மணிக்கே இருட்டு.
இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரே சுமை:
உறைந்த ஏரி விரிசல்விடும் ஒலிகள்,
நாற்பதாயிரம் துண்டுக் கோப்புகள்.

முதலாவது பாய்ந்தது,
பாதி வழியில் மூச்சு வாங்கியது,
முனகிக்கொண்டே ஆனாலும்
முந்தி முடித்தது.
மற்றது
மாதச் சம்பளக்காரர்போல் ஒரே நடை.
காபி ஆறிச் சுடவைத்து
அதுவும் ஆறிவிட்டது.

பதினோரு நிமிட வித்தியாசம்.
குறித்தாள். அடிக்கோடிட்டாள்.

பிறகு ஸ்பீக்கரைத் திருப்பி
ஒரே கோப்பை இரண்டிலிருந்தும் கேட்டாள்.
வென்றதன் ரீங்காரத்தில்
விரிசல் விழவேயில்லை காதில்.
தோற்றது மூச்சுக்காட்டாமல் சுழல,
மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே
ஏரி பிளந்தது.

ஆர்டர் படிவத்தில்
அதன் பெயரை எழுதினாள்:
ஆறு வேண்டும்.