அலகு

டெர்ஸ்கெல்லிங் தீவு. மார்ச். வற்றத்தின் அடிமட்டம்.
வீபெயின் மடியில் மல்லாந்து கிடக்கிறது
ஒரு சிப்பிபிடிப்பான்.
கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை,
சினந்த சிவப்புக் கண்,
முகத்தைவிட்டுப் புறப்பட்டுப் போகிற
நீண்ட கேரட் நிறம்.
"கொஞ்சம் பொறு, ராணி" என்று
ஃப்ரீசிய மொழியில் கெஞ்சுகிறான்.
வெர்னியரின் தாடை இரண்டும்
அதன் தாடை இரண்டையும் கவ்வுகின்றன.
எழுபத்து நான்கு.
நுனி: ஊசி.

வளைய எண்ணைப் பார்க்கிறான்.
நனைந்து உப்பிய குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டுகிறான்.
போன அக்டோபர், இதே எண்,
அவனுடைய இதே கோணல் கையெழுத்து.
நுனி: உளி.

கண்ணாடியைத் துடைக்கிறான்.
வளையத்தை எச்சில் தொட்டு மறுபடி வாசிக்கிறான்.
அக்டோபரில் விரல் விறைத்திருந்தது,
ஃபிளாஸ்கில் காபி மட்டும்தான் இருந்ததா
என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது.
அளக்கிற அலகு அப்படியே இருக்கிறது.
அளந்த அலகு வேறாகிவிட்டது.
எண்ணுக்குப் பக்கத்தில்
பெரிதாக ஒரு கேள்விக்குறி போடுகிறான்.

வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த சீட்ஸ்கெ
நிமிராமலே கேட்கிறாள்:
"மட்டிப் பாரைத்தான்
டிசம்பர் புயல் வாரிக்கொண்டு போய்விட்டதே,
இனி உளியை வைத்து அவள் என்ன செய்வாள்?"

உண்மைதான்.
உள்ளே எலும்பு; அது அசையாது.
மேலே போர்த்தியிருப்பது கொம்பு,
நகம்போல் வளர்வது,
நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக.
வளர்வதெல்லாம் தேய்வதற்கே.
மட்டியை அடித்து உடைப்பவளுக்கு நுனி மொட்டையாகும்.
மூடுகிற ஓட்டின் இடுக்கில் செருகி
உள்தசையை வெட்டுபவளுக்கு
இரு புறமும் தட்டையாகி உளியாகும்.
சேற்றில் புழு தேடிக் குத்திக் குத்தி எடுப்பவளுக்கு
மணல் சுற்றிலும் சீவிச் சீவி
ஊசி.
சாணைக்கல்லைத் தேர்ந்தெடுப்பது பசி.

எல்லோருக்கும் இந்தச் சலுகை இல்லை.
அதோ, அரிவாள் மூக்குக் கோட்டான்
முழங்கை ஆழத்துப் புழுவுக்கென்றே வார்த்த இரும்பு,
வளைந்தது வளைந்ததுதான்.
கோணமூக்கு உள்ளான் தண்ணீரின் மேல்தோலை
இடமும் வலமுமாக வழித்துக்கொண்டே போகிறது.
கரண்டிவாயன்
யாருடைய சூப்பையோ கலக்குகிறது.
அவற்றை எழுதி முடிக்க
எத்தனை லட்சம் வற்றங்கள், எத்தனை லட்சம் பட்டினிகள்!
இவள் மட்டும்
ஒரே குளிர்காலத்தில்
தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"எனக்குக் கொடு" என்கிறாள் சீட்ஸ்கெ.
பறவையை வாங்க நீட்டிய உள்ளங்கையை
வீபெ பார்க்கிறான்.
துறைமுகக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள்
மட்டிக் கத்தி வழுக்கி வழுக்கி இழுத்த வெள்ளைக் கீறல்கள்.
அவற்றுக்கு மேலே, விரல்களின் அடியில்,
புழு தோண்டும் கவைமுள்ளின் பிடி எழுப்பிய
நான்கு புதிய கொப்புளங்கள்.
ஒன்று உடைந்திருக்கிறது.

அவன் எதுவும் கேட்கவில்லை.
கேள்விக்குறியை அடிக்க பேனாவைத் தேடுகிறான்;
மை உறைந்துவிட்டது.

மண்டியிட்டு அவள் விரல்களைத் திறக்கிறாள்.
ராணி பறக்கவில்லை.
நாலடி நடக்கிறது,
கோட்டைச் சரிசெய்கிறது,
எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி
சேற்றில் வேர்வரை மூக்கை இறக்கி
நெளியும் ஒன்றை
அறுந்துவிடாமல், மெதுவாக, மெதுவாக
இழுக்கிறது.

சீட்ஸ்கெ அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறாள்.
ஏற்றம் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம்.
அவள் வாளி
பாதிகூட நிறையவில்லை.