ஏழாவது மாடி வரை

குணாளன் ஏழில் இறங்குவார், நான் பதினொன்றில்.
கீழே கதவு மூடி
அவர் மாடி வருவதற்குள்
முன்பெல்லாம் ஒரு மந்திரிசபையையே கலைத்துவிடுவோம்.
இப்போது இருவரும்
சிவப்பு எண்கள் ஏறுவதை
தேர்தல் இரவு முடிவுகளைப் பார்ப்பதுபோல்
அண்ணாந்து பார்த்து நிற்கிறோம்.

மூன்று வாரமாயிற்று.
ஈசூன் காப்பிக்கடை,
மின்விசிறிக்கு நேர் கீழே எங்கள் மேசை.
நான்காவது குலுக்கலிலும்
மகனுக்கு வீடு விழவில்லை என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
அவர் வாளிக் கக்கூஸ் காலத்துக்குப் போய்விட்டார்.
செம்பவாங் கம்பம்,
விடியுமுன் வாளி எடுக்க வரும் வண்டியின் தடதட,
மழை நாளில் கட்டிலுக்கடியில் மிதக்கும் செருப்பு.
"இன்னிக்கி லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்குது.
யாரு நிறுத்துனா?"
கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

நிறுத்தியது நம் காசு என்றேன்.
எத்தனை வருஷம் படியேற விட்டு நிறுத்தினார்கள் என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
ஆமாஞ்சாமி என்றும் சொன்னேன்.
நன்றி கெட்டவன் என்றார் அவர்.
பக்கத்து மேசையில்
நாலு நம்பர் சீட்டு எழுதிக்கொண்டிருந்த சீனர்
தமிழ் தெரியாமலே நிமிர்ந்து பார்த்தார்.

அன்றிலிருந்து குளிக்கும்போதெல்லாம் அவரோடு வாதாடுகிறேன்.
ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறேன்.
குளியலறைக் குணாளனுக்குப்
பாதி வாக்கியத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும்.
என் கேள்வி எந்த அளவோ
அந்த அளவுக்குச் சரியாக முட்டாளாக இருப்பார்.
நுரை வழிய நான் பேசி முடித்ததும்
"நீ சொல்றது சரிதான்ப்பா" என்பார்.
நிஜக் குணாளன்
முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர்.
யாருக்கும் அவ்வளவு சுலபமாக வழி விடமாட்டார்.

நேற்று துவாஸ் கிடங்கில் மதியச் சாப்பாடு.
புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஆதிரன்,
என் பக்கத்து ஆள்தான், சொன்னான்:
"அவங்களுக்கு ஓட்டுப் போடறதெல்லாம்
பயந்தாங்கொள்ளிக் கிழடுங்க, அங்கிள்."
நான் சிரித்திருக்க வேண்டும்.
வாயைத் திறந்தால் வாளி வந்தது.
தடதடவென்று வண்டி வந்தது.
செருப்பு மிதந்து வந்தது.
"ஒண்ணுமில்லாத எடத்துலேர்ந்து வந்தவனுக்கு
இருக்கறதும் போயிருமோன்னு இருக்கும்ப்பா.
அதுக்குப் பேரு கோழைத்தனம் இல்ல"
என்று யாரோ என் குரலில் பேசுகிறார்கள்.
பார்த்தால் கையில் கரண்டி,
மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆதிரன் தட்டை நகர்த்திக்கொண்டான்.
"அங்கிள், நீங்க எந்தப் பக்கம்?"

இதைக் குணாளனிடம் சொல்லத்தான் வேண்டும்.
சொன்னால், தான் ஜெயித்ததாக நினைப்பார்.
நினைத்துக்கொள்ளட்டுமே என்று விட
நான் இன்னும் அவ்வளவு பெரிய மனுஷனாகவில்லை.
ஓட்டை மாற்றிப் போடப்போவதும் இல்லை.
மகனும் மருமகளும்
இன்னும் என் சின்ன அறையில்தான்
பெட்டிகளுக்கு நடுவே படுக்கிறார்கள்.

இன்று மாலை லிஃப்டில் அவர், கையில் கீரைப் பை.
இரண்டு. மூன்று.
"மழை வரும்போலருக்கு" என்றேன்.
"வரட்டும்."
ஐந்து. ஆறு.
ஏழில் கதவு திறந்தது.
வெளியே ஒரு காலை வைத்தவர்
மற்ற காலை எடுக்கவில்லை.
"அடுத்த குலுக்கல் எப்போ?"
கதவு அவர் தோளில் இடித்து
மன்னிப்புக் கேட்பதுபோல் பின்வாங்கியது.
மாதத்தைச் சொன்னேன்.
ம் என்றார்.
இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால்
அது எந்தத் தெருவில் போய்த் திரும்பும் என்று
இருவருக்கும் தெரியும்.
கதவு மறுபடி வந்து இடித்தது.
அவர் நகரவில்லை, நானும் பொத்தானைத் தொடவில்லை.
லிஃப்ட் கீச்சிடத் தொடங்கியது.
மேலே யாரோ
பொறுமையிழந்து கதவைத் தட்டுகிறார்கள்.