சட்டம் தின்ற குதிரை

ஆன்ட்வெர்ப். நவம்பர் மழை.
தானிய வியாபாரி வான் ஹூக்கெ
படத்தோடு கடைக்குள் நுழைந்தார்:
"உன் சட்டம் என் குதிரையின் தலையைத் தின்றுவிட்டது."

வால், பின்னங்கால்கள்,
அப்புறம் விளிம்பு. உண்மைதான்.
ஆனால் ஒரு விரற்கடைகூட நான் மறைக்கவில்லை.

வரைந்தவள் லீவினா. மாடியேறிக் கேட்டேன்.
பதில் சொல்லாமல் தூரிகையால் காட்டினாள்:
அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு ஜப்பான் தாள்,
ஓரத்தில் காப்பிக் கறை.
பாலம். மழை.
தாளை விட்டு வெளியேறும் ஒருவன்,
அரைக் குடை, ஒரு குதிகால்.

மரம் இழைப்பவன் நான்; மழையைத்தான் பார்த்தேன்.
மயிரிழைக் கோடுகள். எதையும் அவன் கீறவில்லை.
மழை இல்லாத இடத்தையெல்லாம்
செதுக்கி எறிந்திருக்கிறான்.
எத்தனை உளி மழுங்கியதோ.

படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
"தலை எங்கேயப்பா?"
"வெளியே, ஐயா. நனைந்துகொண்டிருக்கிறது."

சட்டத்துக்குப் பாதிக் கூலிதான் தந்தார்.