இருபத்தேழு கொசுவம்

கப்பல் அபர்தீனில் பழுதாகிக் கிடந்த பதினொரு நாளில்
குளிரில் முழங்கால் காட்டி நடந்த
ஒரு தபால்காரரைப் பார்த்தேன்.
அவ்வளவுதான் காரணம்.
வேறு காரணம் கேட்கிறவர்களுக்கு
வேறு வேறு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கிவந்தது கம்பளி.
சித்திரையில் பாளையங்கோட்டையில் அதை உடுத்துவது
எரிகிற அடுப்பை இடுப்பில் கட்டுவது.
மேலப்பாளையம் உதுமான் கனி
மூணு சாரத்தை வெட்டி, அளவு பார்த்து, வார் வைத்து,
பின்பக்கம் இருபத்தேழு கொசுவம் பிடித்துக் கொடுத்தார்.
“முன்னால மூடித் தைக்கவா, திறந்தே விடவா?”
“திறந்தே.”
“அப்பம் தையக்கூலி எதுக்குவே, சாரத்தையே கட்டிக்கிட்டுப் போவும்.”
கூலியைக் குறைக்கவில்லை.

சமாதானபுரம் டீக்கடையில் நாலு பேர்.
நாலு பேரும் சாரத்தை மடித்துக் கட்டி
கோடு போட்ட அண்டிராயர் எட்டிப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.
“எலே, கான்வென்ட் விட்டாச்சா?”
அவர்களுக்குத் தொடை தெரிந்தது.
எனக்கு முழங்கால்.
அதே கட்டம், அதே நீலம்.
ஒருவேளை ஒரே தறியாகக்கூட இருக்கும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர்
கீழிருந்து மேலாக என்னைப் படித்து,
மீசைக்கு வந்ததும் நின்றார்.
“லேடீஸுக்குத்தான் இலவசம். உமக்கு எப்படி அண்ணாச்சி?”
பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.
ஜங்ஷனுக்கு முழு டிக்கெட் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாதம்வரை தொங்கும் வெள்ளை அங்கிக்குள்ளிருந்து
ஐயர் மெதுவாகச் சொன்னார்:
“ஆம்பளைக்கு ஏத்த உடுப்பா இருந்தா நல்லது, தம்பி.”
ஆலயத்தில் காற்று வீசி
எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் கீழே படபடத்தது.

முருகன்குறிச்சியில் கொய்யாப்பழம் விற்கிற மாடத்தி மட்டும்
என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள்.
“திரும்பும்” என்றாள். திரும்பினேன்.
“பின்கொசுவம்லா இது! யாரு வச்சது, ஒண்ணுபோல விழுந்திருக்கு?”
விரலால் எண்ணிக்கொண்டே போனவள்
பத்தொன்பதில் ஒரு ஆள் விலை கேட்க, விட்டுவிட்டாள்.

ஆனி பிறந்ததும் காற்று வந்தது.
ஆற்றுப்பாலத்தில் நடுவழியில்
ஒரு கையில் பை, ஒரு கையில் மானம்.
எதிரே வந்த ஒருத்தி சேலையை முட்டுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு,
தாலிக்கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி
என்னிடம் நீட்டிவிட்டு,
பேர்கூடச் சொல்லாமல் காற்றுக்குள் போனாள்.
அபர்தீன்காரர்களும் அங்கே ஒரு ஊக்குதான் குத்தியிருந்தார்கள்.
அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

போன செவ்வாய் அதே டீக்கடை.
கொட்டுச் சத்தம், வெடி, பூ உதிர்த்துக்கொண்டு
ஒரு பாடை வந்தது.
யாரென்று தெரியாது.
நாலு பேரும் எழுந்தார்கள்.
மடித்த சாரங்கள் ஒரே சமயத்தில்
சட்டென்று கணுக்காலுக்கு இறங்கின.
என் கையும் தானாகவே இடுப்புக்குப் போனது,
நாற்பத்தாறு வருசத்துப் பழக்கம்.
அவிழ்க்க ஒன்றுமில்லை.
வாரைத் தொட்டது, ஊக்கைத் தொட்டது,
கடைசியில் முழங்காலை மூடிக்கொண்டு நின்றது.
குனிந்தபடியே நின்றேன், பாடை தாண்டும் வரை.

கான்வென்ட் என்று கேட்டவன் என் கையைப் பார்த்தான்.
சிரிக்கவில்லை.
“இறங்காதோ அது?” என்றான்.
“இறங்காது.”
“ம்.”
தன் சாரத்தை மறுபடி மடித்துக் கட்டாமல்
டீயைக் குடித்து முடித்தான்.

வீட்டில் கனகத்திடம் சொன்னேன்.
கேட்டாளா தெரியவில்லை.
கொடியிலிருந்து அதை எடுத்து உதறி,
என் மடியில் போட்டாள்.
“இருபத்தேழு மடிப்பு.
நீங்களே தேச்சுக்கிடுங்க.”