4.00 மணி, மணல்திட்டு

ஐந்து ரோட்டில் ஏஜென்ட் கடை ஷட்டருக்கு
மூன்று வாரமாக ஒரே பூட்டு.
லங்காவிக்குப் போக வேண்டிய ஆறு பேர்
சனிக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினோம்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குப் பற்றவைக்கும் மூன்று பேர்,
பாலீஷ் போடும் இரண்டு பேர்,
கணக்கு எழுதும் நான்.
ஒன்றரை வருஷச் சீட்டுப் பணத்தில்
மிஞ்சியது
பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்:
பயணத் திட்டம்.

மாதேஸ்வரி அதைத் தூக்கிப்போட விடவில்லை.
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்
ஜன்னல் வழியே வாந்தி எடுத்துவிட்டு
முந்தானையால் வாய் துடைத்து வாசித்தாள்:
‘9.00, அதிவேகப் படகு. சிறு குழு,
எட்டுப் பேருக்கு மேல் இல்லை.’
நாம ஆறுதானே, சரியாத்தான் இருக்கு
என்றார் கோதண்டம்.

படகுத் துறையில் அரை மணி நேர டிக்கெட்.
ஆரஞ்சு ஜாக்கெட்டில் யாருடையதோ
நேற்றைய வியர்வை.
ஓட்டுநர் பெயர் சேர்வராயன்.
மலை பேரும் அதுதானே என்றேன்.
‘சாமி பேரு. மலைக்குப் பாதி, எனக்குப் பாதி.’
தாளை வாங்கிப் பார்த்தார்,
பார்த்துக்கொண்டே இருந்தார்.
‘இந்த ரூட்டு நான் எட்டு வருஷம் ஓட்டினது.
மூணாவது தீவுல சோறு போடுவாங்க.
மீன் மட்டும் வாங்காதீங்க.’

இன்ஜினை இழுத்தார்.

9.00 ஆனது, மதியம் இரண்டேகாலுக்கு.
முதல் தீவு, நீரூற்றின் சிமென்ட் மேடை;
கோயில் போல ஒரு சுற்று வந்தோம்.
10.30, பவளப்பாறை:
நீர்க்கொடிக்கு நடுவில் தலைகீழாய்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன் காலைச் சுற்றி
நிஜமாகவே மீன்குஞ்சுகள்.
நசீமா மூக்கைப் பிடித்துக்கொண்டு
விளிம்பில் குனிந்து முழுதும் பார்த்தாள்.
மதிய உணவு, அவள் பையில் நசுங்கி
ஊறிப்போன தட்டுவடை செட்.
குரங்குக் கடற்கரைக்கு மட்டும்
ஒன்றும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.
பூங்காச் சுவரில் பதினொன்று உட்கார்ந்திருந்தன,
ஒன்று கோதண்டத்தின் கண்ணாடியையே பார்த்தபடி.

4.00, தண்ணீர் வற்றும்போது மட்டும்
தெரியும் மணல்திட்டு.

சித்திரை. ஏரி இறங்கிக் கிடந்தது.
மூலையில் கட்டில் அகலத்துக்குச் சேறு,
அதில் ஒரு கொக்கு.
படகின் மூக்கு போய்த் தட்டியது.
இறங்கலாம் என்றார்.
புதுச் செருப்புகள், யாரும் அசையவில்லை.

அங்க இறங்கினா எப்படிண்ணே இருக்கும்,
மாதேஸ்வரிதான் கேட்டாள்.
கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
‘தெரியாதும்மா.
போட்டைப் பிடிச்சுக்கிட்டு
இடுப்பளவு தண்ணியில நிப்பேன்.
அவங்க போய் போட்டோ எடுத்துட்டு வருவாங்க.
நான் ஒருநாளும் ஏறினதில்ல.’

கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும்
தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது.
கோதண்டம் கயிற்றுக்குக் கை நீட்டினார்.
பற்றவைத்துப் பற்றவைத்து
ரேகை அழிந்த கை; ஆதார் மெஷின்
மூன்று தடவை ஒப்புக்கொள்ளாத கை.
‘நாங்க பிடிச்சுக்கறோம். போயிட்டு வாங்க.’

சேர்வராயன் சிரித்தார்.
சிரிப்பை நிறுத்திவிட்டு
இன்ஜினை நிறுத்தினார்,
செருப்பைக் கழற்றினார்.

கணுக்கால் வரை சேறு.
கொக்கு இரண்டடி நகர்ந்து இடம் விட்டது.
அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.
இடுப்பில் கை வைத்தார், எடுத்தார்,
கடல் இருக்க வேண்டிய பக்கம் திரும்பினார்:
சில்வர் ஓக், ஒரு லாட்ஜின் பின்புறம்,
கொடியில் வெள்ளைப் போர்வைகள்.
அவற்றையும் பிறகு மஞ்சு மூடியது.

ஆறு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தோம்.
காற்று இல்லை, அலை இல்லை,
ஒருவர் பிடித்தாலே நிற்கும் படகு.
போட்டோ எடுக்கட்டுமா என்று
யாரோ கேட்க வாயெடுத்து
கேட்காமல் விட்டோம்.

கரையில் விசில். ஒலிபெருக்கி:
நாலாம் நம்பர் போட், டைம் முடிஞ்சுது,
நாலாம் நம்பர்.

அவர் திரும்பவில்லை.
மாதேஸ்வரி மடியிலிருந்த தாளை எடுத்து
‘5.00, கரைக்குத் திரும்புதல்’ என்ற வரியைச்
சட்னி பட்ட விரலால்
மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.