பின்பாரம்

பன்னிரண்டு பார் ஐஸ்.
மேலே உமி, உமிக்கு மேல் சாக்கு,
சாக்குக்கு மேல் தார்ப்பாய்.
முதுநகரில் ஏற்றும்போது மணி மூன்றே முக்கால்.
புயல் கரைக்கு வராமல் போன ஆறாம் நாள்.
தாழங்குடாவில் அன்றுதான் படகு இறக்கினார்கள்.

குட்டியானை என்று பேர்தான்.
முன்சக்கரம் இழுக்காது,
பின்சக்கரம் தள்ளும்.
பின்னால் கனம் இருக்கும்வரை
சொன்ன பேச்சு கேட்கும்.

தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
நாலு பார் இறக்கிக்கொண்டார் மாயகிருஷ்ணன், கடன்.
மீதி எட்டோடு இருபதடி போயிருப்பேன்.
இடது பின்சக்கரம் சுற்றியது.
வலது சும்மா வேடிக்கை பார்த்தது.
வண்டி உட்கார்ந்துவிட்டது.

அப்போது போன்.
வேதவல்லி.
வின்னிபெக்கில் இன்னும் நேற்று, சாயங்காலம் ஐந்து.
"அண்ணா, வண்டி மாட்டிக்கிச்சு."
எனக்கும்தான் என்று சொல்லவில்லை.

அவளுடையதும் பின்னால் தள்ளுகிற ஜாதி.
பதினாறு வருஷப் பழசு, மலிவாக வந்தது.
ஏன் மலிவு என்று முதல் பனியில் தெரிந்தது.

பனி என்று அவள் சொல்வதும் நான் சொல்வதும்
ஒரே எழுத்து.
என்னுடையது மார்கழியில் கண்ணாடியில் படியும்,
வைப்பர் ஒரு வீச்சு, போச்சு.
அவளுடையதுக்கு மண்வெட்டி வேண்டும்.

குளிருக்கென்று தனி டயராம் அங்கே.
எவ்வளவு குளிர்ந்தாலும் ரப்பர் விறைக்காதாம்,
பட்டன் பட்டனுக்கு பிளேடால் கீறிய மாதிரி
கோடு கோடாய் இருக்குமாம்.
நாலு வாங்கக் காசில்லை.
பின்னால் மட்டும் இரண்டு மாட்டியிருந்தாள்.
"தள்ளுறது தள்ளுதுண்ணா.
திருப்பினா திரும்பல.
நேரா போயி குவியல்ல சொருகிக்கிச்சு."

"டிக்கியில என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல. ஸ்டெப்னி.
மணல் மூட்டை போடச் சொல்றாங்க.
கடையில விக்கிறாங்க, ஒண்ணு ஏழு டாலர்."

நான் கணுக்கால்வரை மணலில்
நின்றுகொண்டிருந்தேன்.

"அரிசி?"
"முன்சீட்டுல ரெண்டு மூட்டை இருக்கு.
டிக்கியில போட்டா ஈரமாயிடும்னு..."
"தூக்கிப் பின்னால போடு. சக்கரத்துக்கு நேரா.
ஸ்டியரிங்க நேரா வை.
ரிவர்ஸ் போட்டு, மிதிக்காத. தொடு."

மூச்சு வாங்குவது கேட்டது.
டிக்கி மூடும் சத்தம்.
பிறகு அவள் சக்கரம்.
என்னுடையது அரைக்கும்,
அவளுடையது சீறியது,
கொஞ்ச நேரம் கழித்து சீறவில்லை.
ஏதோ கத்தினாள். லைன் போய்விட்டது.

தார்ப்பாய்க்கு அடியில் எட்டு பாரும்
சொட்டத் தொடங்கியிருந்தன.
சாக்கை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தால்
ஐஸ் போகும்.
விரிக்காவிட்டால் ஐஸும் போகும்,
கனமும் போகும்.
விரித்தேன்.

கூடையோடு மீனுக்கு வந்த நாலு பேர்
முந்தானையைச் செருகிக்கொண்டு
தள்ள வந்தார்கள்.
"தள்ள வேணாம். ஏறுங்க."
"எங்க?"
"ஐஸ் மேல."
பைத்தியம் பிடித்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு
ஏறிக்கொண்டார்கள்.
பாக்கியலட்சுமி ஏறியபோது
ஸ்பிரிங் ஒரு முனகல் முனகியது.
அதைக் கேட்டு மற்ற மூன்று பேரும் சிரித்த சிரிப்பில்
வண்டி குலுங்கியது.
இரண்டாம் கியர். தொட்டேன்.
சாக்கைப் பின்னால் துப்பிவிட்டு
நகர்ந்தது.

படகடியில் இறங்கும்போது
பாக்கியலட்சுமி புடவையைப் பிழிந்துகொண்டே
என் வம்சத்தை ஒரு சுற்று திட்டினாள்.
ஐஸில் பாதி விலைதான் தேறியது.

மத்தியானம் செய்தி வந்திருந்தது:
"வீட்டுக்கு வந்துட்டேன்.
தூக்குறப்ப ஒரு மூட்ட கிழிஞ்சிடுச்சு.
பனியில கொட்டின அரிசியப் பொறுக்கத் தெரியலண்ணா,
வெள்ளமேல வெள்ள.
விட்டுட்டு வந்துட்டேன்.
குருவி ஏதாவது வரும்ல?"

வரும் என்று அனுப்பினேன்.
அந்தக் குளிரில் என்ன குருவி இருக்கும்
என்று எனக்கென்ன தெரியும்.